கம்பத்தின் மேல் ஒரு கண்

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாக வரும் பஸ்ஸில் ஏறி, மல்லசமுத்திரத்தில் இறங்குங்கள். பருத்தி ஏலத்துக்குப் பேர் போன ஊர் இது. ஏல நாளாக இருந்தால் மூட்டை ஏற்றிய வண்டிகளும், விவசாயிகளும், வெளியூர் வியாபாரிகளுமாகத் தெரு கொள்ளாது. அந்தச் சந்தடியில் நம் கண் பெரும்பாலும் கடைப் பலகைகளின் மேல்தான் போகும். இன்று ஒரு நாள் சற்றே அண்ணாந்து பாருங்கள். கடை வாசலின் மேல் விளிம்பில், கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சியைப் போல ஒரு கறுப்புக் குமிழ் தெரிகிறதா? இன்னொரு கடையில் டார்ச் விளக்கைப் போல நீண்ட வெள்ளைக் குழாய் ஒன்று தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா? இரண்டும் ஒரே ஜாதிதான். கண்காணிப்புக் காமிராக்கள்!

அப்படிப்பட்ட ஒரு கடையில் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இந்தக் காமிரா எத்தனை நாள் படத்தைப் பிடித்து வைத்திருக்கும்?"

"அது தெரியலீங்க. வெச்சுட்டுப் போனவங்களுக்குத்தான் தெரியும்."

"யாராவது வந்து கேட்டால் காட்டுவீர்களா?"

"போலீஸ்காரங்க கேட்டா எடுத்துக் குடுத்துருவேனுங்க. மத்தவங்க யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லீங்க. நீங்கதான் மொத ஆளு."

சாதாரணமான பேச்சுத்தான். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அது என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் நடந்த என் முகமும், நாளைக்கு அங்கே நடக்கப்போகும் உங்கள் முகமும் ஒரு பெட்டிக்குள் போய் உட்காருகின்றன. எத்தனை நாளைக்கு? யார் பார்க்கிறார்கள்? எதற்காக? பெட்டியின் சொந்தக்காரருக்கே முதல் கேள்விக்கு விடை தெரியவில்லை.

ஒளி எண்ணாகிறது

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். லென்சுக்குப் பின்னால் நகம் அளவே உள்ள ஒரு சிலிக்கன் தகடு இருக்கிறது. அது இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒளி விழும்போது அதற்கேற்ப மின்னூட்டம் சேருகிறது. அந்த மின்னூட்டத்தை அளந்து எண்ணாக மாற்றுகிறார்கள். இப்போது கடைகளில் சாதாரணமாக விற்கும் காமிராவில் குறுக்கே 1920 கட்டங்கள், நெடுக 1080 கட்டங்கள். பெருக்கிப் பாருங்கள்: இருபது இலட்சத்துக்கும் மேல்! ஒரு வினாடிக்கு 15 முதல் 25 முறை இந்த இருபது இலட்சம் எண்களும் புதிதாக எழுதப்படுகின்றன.

அடேயப்பா, அப்படியானால் எல்லாம் தெளிவாகத் தெரியுமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஒரு கணக்குப் போடுவோம். காமிரா 20 மீட்டர் அகலமுள்ள கடைத்தெரு முழுவதையும் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1920 கட்டங்களை 20 மீட்டருக்குப் பங்கிட்டால், மீட்டருக்கு 96 கட்டங்கள். மனித முகத்தின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர். ஆகவே ஒரு முகத்துக்குக் கிடைப்பது பதினைந்தே கட்டங்கள்! வரைபடத் தாளில் பதினைந்து சதுர அகலத்துக்குள் உங்கள் நண்பனின் முகத்தை, சதுரங்களை மட்டும் கறுப்பாக்கி வரைந்து பாருங்கள். வகுப்பில் யாராவது அடையாளம் கண்டுபிடித்தால் அது அதிசயம்தான். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண வேண்டுமானால் மீட்டருக்கு 250 கட்டங்களாவது வேண்டும் என்று காமிராக்களுக்கான சர்வதேசத் தர அளவு சொல்கிறது. நம் காமிராவில் அது வேண்டுமென்றால் எட்டு மீட்டருக்கும் குறைந்த அகலத்தைத்தான் பார்க்க முடியும். தெரு முழுவதையும் பார்க்கிற காமிரா யாரையும் சரியாகப் பார்ப்பதில்லை என்று ஆகிறது.

இரவில் இன்னொரு வேடிக்கை. இருட்டியதும் காமிராவைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் அகச்சிவப்புக் கதிரை வீசுகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது, சிலிக்கனுக்குத் தெரியும். டி.வி. ரிமோட்டின் முனையை மொபைல் போன் காமிராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெளிர் ஊதா நிறத்தில் ஒரு மினுக்கல் தெரியும் (பின்பக்கக் காமிராவில் தெரியாவிட்டால் முன்பக்கத்தில் முயலுங்கள்). அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுக்கும் படத்தில் நிறம் கிடையாது, கறுப்பு வெள்ளைதான். அதுவும் போதாதென்று, பல சாயங்கள் அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்புபவை. பகலில் கரும்பச்சையாகத் தெரிகிற சட்டை, இரவுப் படத்தில் வெள்ளையாகத் தெரியலாம். "வெள்ளைச் சட்டைக்காரன்தான் ஓடினான்" என்று படத்தைப் பார்த்துச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அது உண்மையாக இராது.

ஒரு டெராபைட் கணக்கு

படங்கள் போய்ச் சேரும் இடம் ஒரு ஹார்ட் டிஸ்க். அதன் கொள்ளளவை இப்போதெல்லாம் டெராபைட் என்று சொல்கிறார்கள். ஒரு டெராபைட் என்பது பத்து இலட்சம் மெகாபைட்.

எல்லா எண்களையும் அப்படியே எழுதினால் வட்டு சில மணி நேரத்தில் நிறைந்துவிடும். ஆகவே மாறிய பகுதியை மட்டும் எழுதி, மாறாத சுவரையும் கம்பத்தையும் "முன்போலவே" என்று குறித்துக்கொள்ளும் ஒரு சுருக்க முறையைக் கையாளுகிறார்கள். அப்படிச் சுருக்கியபின் ஒரு காமிராவுக்கு வினாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு பிட் ஒரு பைட். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். இரண்டால் பெருக்கி எட்டால் வகுத்தால், நாள் ஒன்றுக்கு 21,600 மெகாபைட். ஒரு டெராபைட் வட்டில் ஒரு காமிராவின் படம் 46 நாள் நிற்கும். நான்கு காமிராக்கள் என்றால் பதினோரு நாள். எட்டு என்றால் ஐந்தே முக்கால் நாள். நிறைந்தவுடன் பழையதன் மேல் புதியது எழுதப்படும்.

இந்தச் சிறு பெருக்கல் கணக்கை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் தெரியுமா? இதில் இரண்டு உயிர்களின் கதை அடங்கியிருக்கிறது.

2020 ஜூன் 19. கொரோனா ஊரடங்குக் காலம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ் என்ற வியாபாரியையும் அவருடைய மகன் பென்னிக்ஸையும் போலீஸார் கைது செய்தார்கள். ஜூன் 22 இரவு மகனும், 23 காலை தந்தையும் கோவில்பட்டி மருத்துவமனையில் இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டு தாங்களாகவே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று போலீஸார் எழுதிய முதல் தகவல் அறிக்கை சொன்னது. ஆனால் அக்கம்பக்கத்துக் கடையின் காமிராவில் பதிவாகியிருந்த காட்சியில் அப்படி உருளலோ புரளலோ எதுவும் இல்லை. தெருவில் இருந்த ஒரு சாதாரணக் காமிரா, ஒரு பொய்யை அம்பலப்படுத்திவிட்டது!

அடுத்த கேள்வி இயல்பானது. காவல் நிலையத்துக்கு உள்ளேயும் காமிரா இருந்ததே, அது என்ன சொல்கிறது? உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் நேரில் போய்ப் பார்த்தார். அங்கே இருந்தது ஒரு டெராபைட் வட்டு. இடம் தாராளமாக இருந்தது. ஆனாலும் ஜூன் 19ஆம் தேதிப் படம் இல்லை. ஒவ்வொரு நாளும் அன்றைய பதிவு தானாக அழிந்துவிடும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது என்று அவர் அறிக்கை எழுதினார்.

இப்போது நம் கணக்கைத் திரும்பப் பாருங்கள். எட்டுக் காமிராக்கள் இருந்தாலும் ஒரு டெராபைட் வட்டில் ஐந்து நாளைக்கு மேல் படம் நிற்கும். ஒரே நாளில் அழிவதற்கு வட்டு காரணமாக இருக்க முடியாது. யாரோ ஒருவர் விரலால் தேர்ந்தெடுத்த ஏற்பாடுதான் காரணம். பிற்பாடு வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போய், காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, பஞ்சாபிலிருந்து வந்த பரம்வீர் சிங் சைனி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டிலுள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், நடைவழி எல்லாவற்றிலும் காமிரா வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். இரவிலும் தெரிய வேண்டும். பதிவு 18 மாதம் நிற்க வேண்டும், அதற்கு வசதியில்லாவிட்டால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இங்கே காமிரா இருக்கிறது என்று உள்ளூர் மொழியில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும் வேண்டும். 18 மாதத்துக்கு ஒரு காமிராவுக்கு எத்தனை டெராபைட் வேண்டும்? நீங்களே போட்டுப் பாருங்கள். பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். முடியாத காரியமில்லை. ஆனாலும் 2025 செப்டம்பரில், காவல் நிலையக் காமிராக்கள் பல வேலை செய்யவில்லை என்ற பத்திரிகைச் செய்தியைக் கண்டு, உச்ச நீதிமன்றம் தானாகவே மறுபடியும் இதைக் கையிலெடுக்க வேண்டியிருந்தது.

ராக்கெட்டிலிருந்து ரங்கநாதன் தெரு வரை

இந்தக் கருவி முதலில் மனிதர்களைப் பார்க்கப் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜெர்மனியின் பீனெமுண்டே ராக்கெட் தளத்தில் வி-2 ராக்கெட் கிளம்புவதை அருகே நின்று பார்ப்பது ஆபத்து என்பதால், வால்டர் புரூக் என்ற பொறியாளர் டெலிவிஷன் காமிராவை வைத்துத் தொலைவிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்தார். பிறகு பாங்குகள், பெரிய கடைகள் என்று பரவி, 1985இல் இங்கிலாந்தின் போர்ன்மவுத் கடற்கரையில் பொது இடத்துக்கே வந்துவிட்டது.

சென்னையில் காமிராக்கள் பெருகியதற்கு ஒரு துயரச் சம்பவம் பெரிய காரணம். 2016 ஜூன் 24ஆம் தேதி காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம் பெண் பொறியாளர் ஒருவர் பலர் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் ஒரு காமிராகூட இல்லை. சந்தேகத்துக்குரியவர் நடந்து போகும் காட்சி, அருகே இருந்த தெருக் காமிராவிலிருந்துதான் கிடைத்தது. அதன்பின் காமிரா வேண்டும் என்ற குரல் ஓங்கியது. பொதுக் கட்டடங்களில் காமிரா வைப்பது பற்றிய விதிகள் தமிழ்நாட்டில் 2012லேயே வந்திருந்தன. சென்னைப் போலீஸார் "மூன்றாம் கண்" என்று பெயரிட்டுக் கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் அவரவர் செலவிலேயே காமிரா வைக்கச் சொன்னார்கள். தி.நகர் ரங்கநாதன் தெருவிலிருந்து புறநகர்ச் சந்துகள் வரை அவை வந்துவிட்டன.

2020இல் சர்ப்ஷார்க் என்ற நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் உலகிலேயே சதுர கிலோமீட்டருக்கு அதிகக் காமிராக்கள் உள்ள நகரம் சென்னைதான் என்று வந்தது: 657! இலண்டனுக்குக்கூட 399தான். மறு ஆண்டு வந்த வேறொரு பட்டியலிலோ சென்னை மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. சதுர மைலுக்கு 610 என்றார்கள். ஓராண்டில் பாதிக்கு மேல் காமிராக்களைக் கழற்றிவிட்டார்களா? இல்லை. இரண்டு கணக்கிலும் மேலே இருக்கும் எண் ஒன்றேதான்: இரண்டு இலட்சத்து எண்பதாயிரம். கீழே வகுக்கும் எண்தான் வேறு. சென்னை மாநகராட்சியின் பரப்பான 426 சதுர கிலோமீட்டரால் வகுத்தால் 657 வரும். பெருநகர்ப் பகுதியின் அன்றைய பரப்பான 1,189 சதுர கிலோமீட்டரால் வகுத்தால், சதுர கிலோமீட்டருக்கு 235, அதாவது சதுர மைலுக்கு 610. "உலகில் முதலிடம்" என்று யாராவது மார்தட்டினாலோ, பயமுறுத்தினாலோ, எதை எதனால் வகுத்தீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

சரி, காமிரா வைத்தால் குற்றம் குறைகிறதா? நாற்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிக் குற்றவியல் அறிஞர்கள் 2019இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். மொத்தத்தில் குற்றம் நூற்றுக்குப் பதின்மூன்று அளவு குறைகிறது. வாகனம் நிறுத்துமிடங்களில் பலன் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அடிதடி, தாக்குதல் போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. யோசித்தால் காரணம் புரியும். சைக்கிள் திருடுபவன் சுற்றுமுற்றும் பார்ப்பான். ஆத்திரத்தில் கையை ஓங்குபவன் அண்ணாந்து பார்ப்பதில்லை. நடந்ததைத் துப்புத் துலக்கக் காமிரா உதவும். நடக்காமல் தடுக்கும் சக்தி கொஞ்சம்தான்.

முகத்துக்கு ஓர் எண்

இதுவரை சொன்ன காமிரா வெறும் கண். பார்க்கும், யார் என்று அறியாது. கடந்த பத்தாண்டுகளில் அதற்கு ஒரு மூளையையும் பொருத்தத் தொடங்கியிருக்கிறார்கள்.

பருத்தி ஏலத்தில் வியாபாரி என்ன செய்கிறார்? மூட்டையிலிருந்து ஒரு பிடிப் பஞ்சை உருவி, இழையை விரலால் பிரித்து நீளம் பார்க்கிறார். தூசி, ஈரம், நிறம் பார்க்கிறார். மூட்டை முழுவதையும் நாலைந்து அளவுகளாக மனத்தில் சுருக்கிவிடுகிறார். கம்ப்யூட்டரும் முகத்தை அப்படித்தான் சில நூறு எண்களின் வரிசையாகச் சுருக்குகிறது. பட்டியலிலுள்ள ஒவ்வொரு முகத்தின் எண் வரிசையோடும் அதை ஒப்பிட்டு, "இவ்வளவு நெருக்கம்" என்று சொல்கிறது. "இவர்தான்" என்று அது சொல்வதே இல்லை. எவ்வளவு நெருங்கினால் "இவர்தான்" என்று வைத்துக்கொள்வது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். டெல்லிப் போலீஸார் நூற்றுக்கு எண்பது ஒற்றுமை இருந்தால் பொருத்தம் என்று கொள்வதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2022இல் பதில் கொடுத்தார்கள். காணாமற்போன குழந்தைகளைத் தேடும் வழக்கில், தங்கள் முகமறி கருவியின் துல்லியம் நூற்றுக்கு இரண்டுதான் என்று 2018இல் அதே டெல்லிப் போலீஸார் உயர் நீதிமன்றத்தில் சொன்னதும் உண்டு.

கருவி நன்றாகத் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்கு நம்மை மடக்கும். திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத் தேர்த் திருவிழா. இருபதாயிரம் பேர் ஒரு காமிராவைக் கடந்து போகிறார்கள். அவர்களில் போலீஸார் தேடும் ஆட்கள் பத்துப் பேர். கருவி தேடப்படுபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகப் பிடிக்கும். மற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் தவறாகக் காட்டும். கேட்பதற்கு அருமையான கருவிதான், இல்லையா? பத்தில் ஒன்பது பேர் பிடிபடுவார்கள். மிச்சமுள்ள 19,990 பேரில் நூற்றுக்கு ஒருவர் என்றால், ஏறக்குறைய 200 பேர். மணி 209 தடவை அடிக்கும். அதில் 200 தடவை நிற்க வைக்கப்படுபவர், தேர் பார்க்க வந்த அப்பாவி!

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 2017 ஜூனில் வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில் ஐரோப்பியக் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்தபோது, போலீஸாரின் முகமறி கருவி 2,470 பேரைச் சுட்டிக் காட்டியது. 2,297 பேர் தவறான ஆட்கள். அதே நகரத்துக்காரரான எட் பிரிட்ஜஸ் என்பவர், தன் முகத்தைக் கேளாமல் ஸ்கான் செய்தார்கள் என்று வழக்குப் போட்டார். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. யாரைத் தேடும் பட்டியலில் சேர்ப்பது, எங்கே காமிராவை நிறுத்துவது என்பதையெல்லாம் போலீஸார் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பது நீதிபதிகள் கண்ட குறை.

தவறுகள் எல்லார் மேலும் சமமாக விழுவதும் இல்லை. அமெரிக்காவில் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 2018இல் ஒரு சோதனை செய்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் விற்பனைக் கருவிகள், வெளிர் நிற ஆண்களிடம் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. கருநிறப் பெண்களிடம் ஒரு கருவி நூற்றுக்கு முப்பத்து நான்கு தடவைக்கு மேல் தவறியது. கருவியைப் பழக்கியபோது காட்டிய முகங்கள் பெரும்பாலும் வெளிர் நிறம் என்பதுதான் முக்கியக் காரணம். நம் ஊர் வெயிலில் கறுத்த முகங்களோடு இதைப் பொருத்திப் பாருங்கள்.

தமிழ்நாட்டுப் போலீஸாரும் 2021 முதல் மாநிலம் முழுவதும் முகமறி மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறார்கள். 2024 மே மாதத்தில் அதன் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைக் களவாடி யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று போலீஸாரே அறிவிக்க நேர்ந்தது. பூட்டுப் போட்டவர் வீட்டிலேயே சாவி தொலைந்த கதை. கடவுச்சொல் திருடு போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். முகம் திருடு போனால்?

கைரேகையும் கதவுத் தட்டலும்

காமிரா இல்லாத காலத்தில் கண்காணிப்பு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டிஷார் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் திருடினாரா என்று பார்ப்பதில்லை. இன்ன சமூகத்தில் பிறந்தாரா என்று பார்ப்பார்கள். பிறந்திருந்தால் கைரேகை வை, இரவில் ஸ்டேஷனில் வந்து ஆஜர் கொடு! சேலம் வட்டாரத்துக் கொறவர் மக்களில் சில பிரிவினரும் இந்தப் பட்டியலில் அகப்பட்டுக்கொண்டார்கள். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, கைரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மேல் போலீஸார் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கைரேகையியல் அந்தக் காலத்தில் புத்தம்புதிய விஞ்ஞானம். நம் காலத்து முகமறி மென்பொருளைப் போல. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது.

சுதந்திரத்துக்குப் பின்? உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941இல் கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சாட்சியம் இல்லை என்று விடுதலையானவர். ஆனாலும் போலீஸார் அவர் பேரில் ஒரு ஏடு திறந்து வைத்துக்கொண்டு, நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டி எழுப்பிப் பார்ப்பார்கள். எங்கே போகிறார் என்று பின்தொடர்வார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இரவில் வீடு புகுவது கூடாது. மற்றபடி பின்தொடர்ந்து பார்ப்பதில் தவறில்லை, அந்தரங்கம் என்ற உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றது பெரும்பான்மை. முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சுப்பா ராவ் மட்டும், நீதிபதி ஷா உடன்பட, மாறுபட்டு எழுதினார். கையில் விலங்கு இல்லாவிட்டாலும், எப்போதும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தவன் தாராளமாக நடமாட முடியாது; அதுவும் சுதந்திரத்தைப் பறிப்பதுதான் என்பது அவர் கருத்து. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டு 24 அன்று, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். மாறுபட்டு எழுதியவர் கருத்தே கடைசியில் சட்டமாயிற்று.

உரிமை என்றால் அரசு எதையும் பார்க்கக் கூடாது என்பதல்ல. பார்ப்பதற்கு ஒரு சட்டம் வேண்டும். அதற்கு நியாயமான நோக்கம் வேண்டும். நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு உரைகல் வகுத்தது. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தாதே என்பதுதான் மூன்றாவது. இந்த உரைகல்லில் தெருக் காமிராவை உரசிப் பார்த்தால் முதல் கோட்டிலேயே தடுமாற்றம். முகமறி கருவியைப் போலீஸார் எப்போது, யார் மேல், எவ்வளவு நாள் பயன்படுத்தலாம் என்பதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் பல விலக்குகளைத் தந்திருக்கிறது. கைதானவர்களின் அளவுகளை எடுக்க வகை செய்யும் 2022ஆம் ஆண்டுச் சட்டமோ, அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. சாத்தான்குளத்தில் ஒரு நாள். இங்கே எழுபத்தைந்து ஆண்டு! வட்டில் இடம் எவ்வளவு என்பதைவிட, யாருக்கு எது தேவை என்பதுதான் காலத்தைத் தீர்மானிக்கிறது என்று எனக்குப் படுகிறது.

என்னைக் கேட்டால், தெருவில் ஒரு காமிராவுக்கு முன்னால் லாக்கப் வாசலில் ஒரு காமிரா வேண்டும் என்பேன். மாறுபட்ட கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள். இரவில் டியூஷன் முடிந்து தனியே வரும் ஒரு பெண் குழந்தையின் தாயார், தெருமுனைக் காமிராதான் முதலில் வேண்டும் என்று சொல்வார். அவரைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற நாடுகளும் ஒரே வழியில் போகவில்லை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம் 2019இல் தன் நகர அலுவலகங்களும் போலீஸாரும் முகமறி கருவியைப் பயன்படுத்துவதையே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டத்தின்படி, பொது இடத்தில் போவோர் வருவோர் முகங்களை அப்போதைக்கப்போதே ஒப்பிட்டுப் பார்ப்பது போலீஸாருக்குக் கூடாது. காணாமற்போனவரைத் தேடுவது போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நீங்கள் செய்து பார்க்க

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பாதையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வழியில் தெரியும் காமிராக்களைப் புள்ளி வைத்துக் குறியுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். கடையின் வாசலையா, தெருவையா, எதிர்வீட்டு ஜன்னலையா? கடைக்காரரிடம் மரியாதையாக, இது எத்தனை நாள் படத்தை வைத்திருக்கும், யார் பார்க்கலாம் என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் நாலைந்து மாணவர்கள் சேர்ந்தால் ஊர்ப் படமே தயாராகிவிடும்.

போலீஸார் வைத்த காமிராவானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். சின்னப் பிள்ளைகள் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். காந்தியடிகளுக்கு "தேசத் தந்தை" என்ற பட்டத்தை எந்த ஆணையால் கொடுத்தார்கள் என்று 2012இல் இந்தச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டவர், லக்னோவைச் சேர்ந்த பள்ளிச் சிறுமிதான். அப்படி ஓர் ஆணையே இல்லை என்று தெரிய வந்தது அவளால்தான்.

கடிகாரத்தையும் பார்க்க மறக்காதீர்கள். பதிவுக் கருவியின் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டே வினாடி பிந்தினாலும் ஓராண்டில் பன்னிரண்டு நிமிடம் பிந்திவிடும். பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் மல்லசமுத்திரம் கடைத்தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து, பஸ் ஏறியே போய்விடலாம். நடக்காத இடத்தில் நின்றதாகவும், நின்ற இடத்தில் இல்லாததாகவும் படம் சாட்சி சொல்லும்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சோடாக் கடைக்கு மறுபடியும் போனேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கருவி எதுவும் இல்லாமல்தான். "நீங்க கேட்டுட்டுப் போனீங்களே, வெச்ச பையனக் கூப்பிட்டு விசாரிச்சனுங்க. பதினேழு நாளுங்களாமா" என்றார். பிறகு டி.வி. பெட்டியின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தைக் காட்டினார். என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தோம். ஒன்பது நிமிடம் பின்னால் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரிமோட்டை வாங்கி, இருவருமாக அதைச் சரி செய்தோம்.